பெயரைப் பாதியாக வெட்டாதீர்!

ஏழாம் நாள் அகீகா கொடுத்து, பிள்ளைக்கு ‘அப்துர் ரஹ்மான்’ எனப் பெயர் சூட்டுகிறோம். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்களாக நபி (ஸல்) அவர்கள் கூறிய இரண்டில் இதுவும் ஒன்று (முஸ்லிம்). பிறகு அதை நாமே சிதைக்கிறோம். பள்ளிப் பதிவேட்டில் ‘அப்துல்’ முதற்பெயராம், ‘ரஹ்மான்’ குடும்பப்பெயராம்!

‘அப்துல்’ என்பது முடிவுறாத சொல். அடிமை என்கிறது, யாருடைய அடிமை என்று சொல்வதில்லை. ‘அர்ரஹ்மான்’ அல்லாஹ் ஒருவனுக்கே உரிய திருநாமம். அதைக் கூறி, “டேய் ரஹ்மான், இங்கே வா” என ஒரு சிறுவனை அதட்டுகிறோமே, நம் நாவு கூசவில்லையா?

“படிவம் கேட்கிறதே” என்பது வெறும் சாக்கு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுவதே தமிழ் முஸ்லிம்களிடம் பரவலான வழக்கம். வளர்ப்புப் பிள்ளைகளைக்கூட அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயரோடு இணைத்தே அழைக்குமாறு குர்ஆன் (33:5) பணிக்கிறது. ஆகவே, குடும்பப்பெயர் கேட்கும் இடத்தில் தந்தையின் பெயரை முழுமையாக எழுதுவோம். பிள்ளையின் பெயரை ‘அப்துர்ரஹ்மான்’ என ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதுவோம். அழைக்க நீளம் என்போர், வீட்டில் நல்லதொரு செல்லப்பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

மறுமையில் நாம் எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகிறோமோ, அப்பெயராலேயே இம்மையிலும் நம் பிள்ளைகளை அழைப்போமாக!