வயிற்றைக் கட்டினால் இளைக்குமா?

ராசிபுரம் வாசகி ஒருவர், சிசேரியன் ஆகி மூன்று மாதமாகியும் வயிறு இறங்கவில்லை என்று ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாராம். வேண்டாம்மா! பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (2020).

எனக்கும் ஆபரேஷன்தான். அம்மாயி பழைய நூல்சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டி, "தண்ணி குடிச்சா வயிறு வெச்சுக்கும் கண்ணு" என்று அரை டம்ளருக்கு மேல் தரமாட்டார். பலன், மலச்சிக்கல்! முக்கும்போதெல்லாம் தையல் சுண்டி இழுக்கும். டாக்டரம்மா திட்டிய பிறகுதான் சொம்பு என் கைக்கு வந்தது. சேலைக்கட்டு இருமும்போது தையலுக்குத் தாங்கலாக இருக்கும், அவ்வளவுதான். கொழுப்பைக் கரைக்காது.

என்னை மீட்டது நடைதான். மறுநாளே வராந்தாவில் நாலு எட்டு, வீட்டுக்கு வந்ததும் வாசல்வரை. ஆறு வாரம் கழித்து டாக்டரம்மா சரி என்றதும் தினமும் அரைமணி ஏரிக்கரை. சிறுநீரை அடக்குகிற மாதிரி அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணித் தளர்த்துவேன். பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். தண்ணீர்க் குடத்தை மூன்று மாதம் தொடவில்லை. (மாமியார் முகம் சுளித்தார். சுளிக்கட்டுமே!)

நாமக்கல் முட்டை, கீரை, ராகிக் களி எதையும் விடவில்லை. பலகாரத்தை மட்டும் குறைத்தேன். பழைய ரவிக்கை சேரப் பதினோரு மாதம் ஆயிற்று. அதுவும் பக்கத்துத் தையலைப் பிரித்துவிட்ட பிறகு!