பொட்டலத்துக்குப் பந்தி இல்லை

தண்ணீரில் கரைத்துக் குடித்தால் ஒருவேளை உணவு முடிந்தது என்று விற்கப்படும் முழுச்சத்து மாவுகளுக்கு நம் வாசக நண்பர்களிடையேயும் ஆதரவு பெருகி வருகிறது. புரதம் இத்தனை, நார்ச்சத்து இத்தனை என்று உறையில் அச்சிட்ட அட்டவணையைக் காட்டுகிறார்கள். சமைக்கும் நேரம் மிச்சமானால் நான்கு பக்கம் கூடுதலாகப் படிக்கலாமே என்கிறார்கள். தனியொருவர் தம் வயிற்றுக்கு எதை இட்டுக்கொள்கிறார் என்பதில் நமக்கு வழக்கேதுமில்லை. ஆனால், உணவென்பது சத்துகளின் கூட்டுத்தொகை, எஞ்சியதெல்லாம் வெறும் பழக்கம் என்று அதற்கொரு கொள்கை வகுக்கப்படும்போது நாம் வாய்மூடி இருப்பதற்கில்லை.

2013இல் ராப் ரைன்ஹார்ட் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர், தாம் உணவு உண்பதையே நிறுத்திவிட்டதாக எழுதி, சாய்லன்ட் என்ற பானத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். ஹாரி ஹாரிசன் 1966இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்த பெயர் அது. மக்கள் பெருத்து உணவு அருகிப்போன நியூயார்க் நகரைப் பற்றிய நாவல். பற்றாக்குறையின் கொடுங்கனவிலிருந்து ஒரு பெயரை எடுத்து, உண்பதற்கு எல்லாம் இருப்பவர்களின் வசதிக்குச் சூட்டியிருக்கிறார்கள். இந்த முரணை இலக்கிய வாசகர் கவனியாமல் விடலாகாது.

நமக்கும் இந்தச் சிந்தனை புதிதன்று. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1950களிலேயே எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவும் கடலை மாவும் வைட்டமின்களும் சேர்த்துப் 'பல்நோக்கு உணவு' ஒன்றை உருவாக்கியது. பஞ்சத்தின் நினைவு நீங்காத நாட்டில் அது நல்லெண்ணத்தில் பிறந்த முயற்சி. ஆனால் சத்து மாவின் வரலாற்றில் நல்லெண்ணம் மட்டும் இல்லை. 2007இல் பிஸ்கட் உற்பத்தியாளர் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியது. பள்ளிகளில் சமைத்த மதிய உணவுக்குப் பதிலாகச் சத்தூட்டிய பிஸ்கட் தரலாம் என்பது அதன் சாரம். அதை ஏற்றுப் பரிந்துரைத்த உறுப்பினர்களும் இருந்தார்கள். வசதியுள்ளவரின் விருப்பமாகத் தோன்றும் ஒன்று ஏழைக் குழந்தையின் தட்டுக்கு எப்படி விதியாக வந்துசேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சமைத்த உணவே தரவேண்டும், அதில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்றே ஆணையிட்டிருந்தது. கலோரிக் கணக்கை நீதிமன்றமும் விட்டுவிடவில்லை. 'சமைத்த' என்ற சொல்லை அதற்கு முன்னால் வைத்தது.

அந்தச் சொல்லின் பொருளை அறிய நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. மலைக்கோட்டைக்குக் கிழக்கே, தஞ்சைச் சாலையில் காட்டூரை ஒட்டி இருக்கிறது பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது அங்கேதான். அதற்கு இரண்டாண்டு முன்பு, உலக வங்கியின் உதவியோடு வேறொரு திட்டம் தமிழகத்தில் தொடங்கியிருந்தது. குழந்தையை எடை போடுவது, எடை தேறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை தருவது, தேறியதும் நிறுத்திவிடுவது. அதன் மருத்துவப் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது வேறு வகை. அங்கே யாரும் நோயாளியாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஊர்தோறும் ஓர் அடுப்பு மூட்டப்பட்டது. ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் முன்னுரிமை தந்து வேலை கொடுத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வீண்செலவு, வாக்குக்கான வித்தை என்று அன்று பொருளியல் அறிஞர்கள் எள்ளினர். பின்னர் நாடே அந்த வழிக்கு வந்தது.

வரிசையாக உட்காருவது சிறிய விஷயமா? மலைக்கோட்டையிலிருந்து நடந்தே போகும் தொலைவிலுள்ள வரகனேரியில் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று நாம் போற்றுபவர். அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவிடப்பட்டது 1924-25இல் தமிழக அரசியலையே உலுக்கியது. அன்று கேட்கப்பட்ட கேள்வி எத்தனை கலோரி என்பதன்று. யார் யாரோடு அமர்ந்து உண்பது என்பது. நூறாண்டு ஆகியும் அது தீரவில்லை. சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். உணவு வெறும் சத்துதான் என்றால் அந்தக் கையை அவர்கள் ஏன் தடுக்கவேண்டும்?

"பொட்டலத்துக்குச் சாதி இல்லையே, அது நல்லதுதானே?" என்று கேட்கலாம். அதன் குறையே அதுதான் என்கிறோம். பொட்டலம் சாதியை ஒழிப்பதில்லை. அதைச் சந்திக்க வேண்டிய இடத்தைக் காலிசெய்து தருகிறது. அவரவர் உறையை அவரவர் பிரித்துக்கொண்டால், தலித் பெண்ணின் கையால் உண்ணவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. சாதிக்கு இதைவிட வசதியான உணவு வேறு இருக்க முடியாது.

நம் நண்பர்களின் வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. சமையலறை பெண்களின் வாழ்நாளை விழுங்கியிருக்கிறது என்கிறார்கள். உண்மை. உணவின் பெருமை பேசும் ஆண்கள் அதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் ஒருத்தி தனியே சுமந்த வேலையை ஊர் பகிர்ந்து, கூலி தந்து செய்வதே அதற்கு விடை. சத்துணவுக் கூடம் அந்த விடையின் தொடக்கம். 2022இல் பள்ளிகளில் காலை உணவு தரத் தமிழக அரசு முன்வந்தபோதும், உறைகளை வாங்கி அடுக்காமல் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைக்கவே முடிவு செய்தது. திருவரங்கம் கோயிலில் 2012இல் தொடங்கிய நாள்முழுதும் அன்னதானத்திலும் இலையின்முன் உட்காருபவரிடம் எடையும் குலமும் கேட்பதில்லை.

சத்துணவுக் கூடங்களில் குறைகள் உண்டு. ஒழுகும் கூரை உண்டு, அழுகிய முட்டை பற்றிய செய்திகள் உண்டு. கூரையை வேய்ந்தும் முட்டையைச் சோதித்தும் தீர்க்கவேண்டிய குறைகள் அவை. அடுப்பை அணைத்துத் தீர்க்கவேண்டியவை அல்ல. மெல்ல முடியாத நோயாளிக்கும், எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைக்கும் சத்துமாவு மருந்து. மருந்தை மருந்தாகவே வைத்திருப்போம்.

நேரம் மிச்சம் பிடித்துப் படிக்க விரும்பும் நண்பர்களிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சத்துணவு ஊழியர்கள் நெடுங்காலமாகக் காலமுறை ஊதியம் கேட்டுப் போராடி வருகிறார்கள். பிறர் சமைத்ததை உண்டு வளர்ந்த நாம், மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியை அவர்கள் பக்கம் நின்று எழுதச் செலவிடலாம்.