ஆற்றுப்படுத்துநர்க்கு ஒரு சட்டம்

‘கவுன்சிலிங்’ என்னும் அயற்சொல்லைக் கேட்ட அளவில் தமிழ்நாட்டு மக்கள் உள்ளத்தில் தோன்றுவன இரண்டே. ஒன்று, மதிப்பெண் வரிசைப்படி பொறியியற் கல்லூரியில் இடம் ஒதுக்குவது. மற்றொன்று, ஆசிரியர்க்கு ஊர்மாற்றம் வழங்குவது. கலங்கிய உள்ளத்தோடு வரும் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, அது சொல்வதைச் செவிதாழ்த்திக் கேட்டு, கலக்கம் தெளிய வழிகாட்டுவதே அச்சொல்லின் உண்மைப் பொருள் என அறிந்தவர் மிகச் சிலர். பணி அரிதாகியவிடத்துச் சொல்லும் பொருள் திரிவது இயல்பே.

அப்பணி இன்று உயிர்காக்கும் பணியாகிவிட்டது. நடுவணரசின் குற்றப் பதிவுக் காப்பகம் தந்த கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 1,70,924 பேர். அவருள் மாணவர் 13,044 பேர். தேர்வில் தவறியதையே கரணியமாகக் கொண்டு மாய்ந்தோர் மட்டும் 2,248 பேர். இவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வோர் எண்ணும் ஒரு வீட்டின் அணைந்த விளக்கு.

2023-இல் விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருந்த 17 அகவைப் பெண்பிள்ளை ஒருத்தி இறந்தாள். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த அவள் தந்தை தொடுத்த வழக்கில் 25.7.2025 அன்று இந்திய உச்ச நயன்மன்றம் தீர்ப்பு வழங்கிற்று. அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் உறுப்பு தரும் உயிர்வாழ் உரிமையுள் உளநலமும் அடங்கும் என்று கூறி, நாடு முழுமைக்கும் 15 நெறிமுறைகளை அது வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்விநிலையத்திலும், சிறுவர் உளநலத்தில் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரோ உளவியலாரோ குமுகாயப் பணியாளரோ ஒருவரேனும் இருத்தல் வேண்டும். நூற்றுக்குக் குறைந்தவிடத்து வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வேண்டும். மதிப்பெண் கொண்டு மாணவரை வகுப்புப் பிரித்தலும் பலர்முன் இழிவுபடுத்தலும் கூடா. ஆசிரியர் அனைவரும் ஆண்டுக்கு இருமுறையேனும் இதன்கண் பயிற்சி பெறல் வேண்டும் என்பன அவற்றுட் சில.

தக்க சட்டம் இயற்றப்படும் வரையிலுமே இந்நெறிகள் நிற்கும் என்று அத்தீர்ப்பே கூறுகின்றது. எனவே பந்து இனிச் சட்டம் இயற்றுவார் கையில் உள்ளது. கல்வி, 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குப் பெயர்க்கப்பட்டது. அவ்விழப்பு பெரிது. ஆயினும் பொதுப்பட்டியலில் உள்ள பொருள்பற்றி மாநிலமும் சட்டம் இயற்றலாம். எஞ்சிய உரிமையையும் கைநெகிழ விட்டுவிட்டுப் போன உரிமைக்கு அழுவது அறிவுடைமை ஆகாது.

எத்தகைய சட்டம் வேண்டும் என்பதே வினா. ‘ஒருவரேனும்’ என்னும் சொல்லை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாயிரம் மாணவியர் பயிலும் ஒரு மேனிலைப் பள்ளியில் ஒரே ஆற்றுப்படுத்துநர் இருந்தாலும் நெறி நிறைவேறியதாகக் கணக்கெழுதலாம். அவர் நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம், ஆண்டில் இருநூறு நாள் இடையறாது கேட்டாலும், ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுமைக்கும் கிடைப்பது அரைமணி நேரமே. அமெரிக்கப் பள்ளி ஆற்றுப்படுத்துநர் கழகம் 250 மாணவர்க்கு ஒருவர் என்னும் அளவைப் பரிந்துரைக்கின்றது. அளவில்லாச் சட்டம் அடியில்லாக் குடம். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் நூறு பிள்ளைகள் இல்லை. அவற்றிற்கெனப் பல பள்ளிகளைச் சேர்த்துச் சுற்றிவரும் ஆற்றுப்படுத்துநரைச் சட்டமே அமர்த்த வேண்டும். ‘வெளித்தொடர்பு’ என்னும் தாளெழுத்தோடு நின்றுவிடக் கூடாது.

ஆளை அமர்த்தினால் மட்டும் போதாது. அவர் நேரத்தையும் காத்தல் வேண்டும். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலம் 2021-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றிற்று. பள்ளி ஆற்றுப்படுத்துநர் தம் பணிநேரத்தில் 80 விழுக்காட்டையேனும் ஆற்றுப்படுத்தும் பணிக்கே செலவிடல் வேண்டும் என்றும், தேர்வு நடத்தும் வேலையில் கழியும் நேரம் அப்பணியில் சேராது என்றும் அது வரையறுத்தது. ஆற்றுப்படுத்துநரைத் தேர்வுத்தாள் எண்ணுபவராகவும் எழுத்தராகவும் ஆக்கும் வழக்கம் அங்கும் இருந்தமையால் அன்றோ அத்தகைய சட்டம் வேண்டியதாயிற்று? இங்கோ ஆசிரியர் பட்ட பாடு எவரும் அறிந்தது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்து 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர்த் துயர்நீக்கம், தேர்தல் என்னும் மூன்றொழிந்த பிற வேலைகளுக்கு ஆசிரியரை ஈடுபடுத்துதல் கூடாது என்கின்றது. அத்தகைய வேலி ஆற்றுப்படுத்துநர்க்கும் வேண்டும்.

அமெரிக்க வரலாறு வேறொரு பாடமும் தருகின்றது. 1957-இல் உருசியர் செயற்கைக்கோளை வானில் ஏவியதும், அமெரிக்க நடுவணரசு 1958-இல் நாட்டுக் காப்புக் கல்விச் சட்டம் இயற்றிப் பள்ளி வழிகாட்டிகளுக்குப் பெரும்பொருள் வழங்கிற்று. அறிவியலில் வல்ல மாணவரைக் கண்டெடுத்து உயர்கல்விக்குச் செலுத்துவதே அதன் குறிக்கோள். அரசின் தேவைக்காகப் பிள்ளையை ஆராய்வது வேறு. பிள்ளையின் தேவைக்காகப் பிள்ளையைக் கேட்பது வேறு. தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தும் கருவியாக ஆற்றுப்படுத்துநரை ஆக்குவது, நோய்க்கு மருந்தென நோயையே ஊட்டுவதாகும்.

ஆசிரியரே இருக்க, வேறொருவர் எற்றுக்கு என வினவுவார் உளர். நல்லாசிரியர் பலர் பிள்ளைகளின் கண்ணீரைத் துடைத்தே வருகின்றனர்; அதனை மறுப்பார் யாருமிலர். ஆயினும் மதிப்பெண் இடுவாரும் தண்டிப்பாரும் ஆகிய ஒருவரிடம், தேர்வச்சத்தையோ வீட்டுத் துயரையோ பிள்ளை எல்லாக் காலும் சொல்லிவிடாது. கேட்பதற்கென்றே ஒருவர் வேண்டும். அவரிடம் சொன்னது பிறர் செவிக்குப் போகாது என்னும் உறுதியும் வேண்டும். பிள்ளைக்கு எதிரான பாலியற் கொடுமை தெரியவரின் 2012-ஆம் ஆண்டின் சிறுவர் காப்புச் சட்டப்படி அதனைக் கட்டாயம் அறிவித்தாக வேண்டும். அவ்வெல்லையையும் பிள்ளைக்கு முன்னரே விளக்கிச் சொல்லுதல் கடன்.

இனி, எல்லாவற்றினும் தலையாயது மொழி. துன்பம் இரவல் மொழியில் பேசாது. ‘வயிற்றைக் கலக்குது’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘பள்ளிக்கூடம் போகவே பிடிக்கல’ என்றுதான் சிற்றூர்ப் பிள்ளை சொல்லும். அச்சத்தை வயிற்றுவலியாகச் சொல்லும் அப்பேச்சின் நுட்பம், ஆங்கில நூல் ஒன்றையே கற்று, ஆங்கில வினாத்தாளின் மொழிபெயர்ப்பைக் கையில் ஏந்தி வருவார்க்கு எங்ஙனம் விளங்கும்? பட்டம் இருக்கும், பிள்ளையின் சொல் மட்டும் காதில் விழாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பயிற்றுமொழி இயலும் அளவு தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்று கூறி, அதனை அடுத்த கூற்றிலேயே, பிள்ளையை அச்சத்தினின்றும் பதற்றத்தினின்றும் விடுவித்துத் தன் கருத்தைத் தடையின்றிச் சொல்லத் துணைசெய்ய வேண்டும் என்கின்றது. தாய்மொழியும் அச்சமின்மையும் சட்டத்திலேயே அடுத்தடுத்து நிற்பது எண்ணத்தக்கது.

ஆகவே பிள்ளையின் தாய்மொழியில் வல்லமை, ஆற்றுப்படுத்துநரின் முதற்றகுதியாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அவர்க்குரிய பாடநூல்களும் பயிற்சியும் பதிவேடுகளும் தமிழில் அமைய வேண்டும். தமிழ்ப்பிள்ளைக்குக் கேட்கும் இவ்வுரிமையை, இங்கு வாழும் தெலுங்கு, கன்னட, உருதுப் பிள்ளைகட்கும், வடபுலத்தினின்று வேலைதேடி வந்தார் மக்கட்கும் அவரவர் மொழியில் வழங்குவதே நடுநிலை. தன் தாய்மொழியை மதிப்பவன் பிறன் தாய்மொழியின் அருமையையும் அறிவான்.

ஆற்றுப்படுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. வளம் பெற்று மீள்பவன், வறுமையில் வாடி எதிர்வருவானைக் கண்டு, தான் சென்ற வழியை அவற்குக் காட்டுவதே ஆற்றுப்படை. தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் கூறுகின்றது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டு அவ்வகையின. ஆறு என்பது வழி; ஆற்றுதல் என்பது துயர் தணித்தல். வழியும் தணிவும் ஒருங்கே தோன்றும் இச்சொல்லை வைத்துக்கொண்டு, இடம் ஒதுக்குவதற்கும் ஊர்மாற்றத்திற்கும் வழங்கும் அயற்சொல்லை இரவல் வாங்குவது வெட்கக்கேடு.

பெற்றோரும் ஆசிரியரும் வாளா இருத்தல் ஆகாது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஊரவையிலும் இக்கோரிக்கையை முடிவாக நிறைவேற்றிச் சட்டமன்ற உறுப்பினர்க்கு அனுப்புக. சட்டம் வரும் வரையில், துயருறும் பிள்ளை எவரேனும் இருப்பின் அருகிருந்து கேட்க. 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைப் பள்ளிச் சுவரில் தமிழில் எழுதி வைக்க. தேர்வு மீண்டும் வரும். பிள்ளை மீண்டும் வாரான். அவனுக்கு வழிகாட்டும் சட்டம் தமிழில் எழுதப்படுக, விரைந்து எழுதப்படுக!