ஒரே மூலக்கூறா, இரண்டா?

கோடை நெருங்கும்போது எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "கம்ப்யூட்டர் சார்ந்த இன்டர்ன்ஷிப் எங்களுக்குச் சரிப்படுமா? கோடிங் தெரியாதே." பொறியியல் மாணவர்களின் கேள்வி வேறு: "மருந்து கண்டறியும் மாடல் செய்கிறோம். வேதியியல் அவசியமா?" வேதியியல் தரவுத்தளத்தில் வேதியியல் ஏற்கெனவே முடிந்துவிட்டது, மிச்சமிருப்பது நிரல் எழுதுவதுதான் என்று இரு தரப்பும் எண்ணுகின்றன. உண்மையில் அங்கே அன்றாடம் எழும் கேள்வி முழுக்க முழுக்க வேதியியல்: இந்த இரண்டு பதிவுகளும் ஒரே மூலக்கூறுதானா?

1980களில் டேவிட் வெய்னிங்கர் உருவாக்கிய ஸ்மைல்ஸ் முறை, மூலக்கூறின் அமைப்பை எழுத்துகளின் வரிசையாக மாற்றுகிறது. ஹைட்ரஜனைத் தனியே எழுத வேண்டியதில்லை என்பதால் எத்தனாலுக்கு 'சி சி ஓ' போதும். ஆக்சிஜன் பக்கமிருந்து தொடங்கினால் அதுவே 'ஓ சி சி' ஆகிவிடும். இந்த அளவு குழப்பத்தை ஆர்டிகிட் போன்ற இலவச மென்பொருள் நொடியில் தீர்த்துவிடும். சிக்கல் இதற்கு அப்பால்தான் இருக்கிறது.

வலி மாத்திரையில் உள்ள டைக்ளோஃபெனாக்கை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு எடை சுமார் 296. சோடியம் உப்பாக இருந்தால் 318. பொட்டாசியம் உப்பாகவும் அது விற்கப்படுகிறது. இவை ஒரே மருந்தா, மூன்றா? உடலில் எந்தப் புரதத்தோடு இணைகிறது என்று ஆராய்பவருக்கு ஒன்றுதான். எடைபோட்டுக் கரைசல் தயாரிப்பவருக்கு அப்படியல்ல: 50 மில்லிகிராம் சோடியம் உப்பில் டைக்ளோஃபெனாக் ஏறத்தாழ 46.5 மில்லிகிராம்தான். இங்கிலாந்தின் ஹின்க்ஸ்டனில் பராமரிக்கப்படும் கெம்பிள் தரவுத்தளம் உப்புகளைத் தனித்தனியே பதிந்து, தாய்ச் சேர்மத்தோடு இணைத்து வைக்கிறது. உப்பை வெட்டி எறியும் நிரல் இரண்டே வரிதான். எந்த ஆய்வில் வெட்டலாம், எதில் கூடாது என்று முடிவெடுக்க வேதியியல் வேண்டும்.

கார்வோன் இன்னும் நுட்பமான உதாரணம். அதன் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் புதினாவின் மணம் தருகிறது. அதன் ஆடிப்பிம்பமான மற்றொன்று ஷாஜீராவின் மணம் தருகிறது. அணுக்களும் பிணைப்புகளும் ஒன்றே, முப்பரிமாணத்தில் அமைந்திருக்கும் விதம்தான் வேறு. இன்ச்சி கீ என்ற 27 குறிகள் கொண்ட அடையாளத்தில் இவ்விரண்டுக்கும் முதல் 14 எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். அதை மட்டும் ஒப்பிட்டு 'நகல்' என்று நீக்கினால் இரண்டு வாசனைகளில் ஒன்று தரவிலிருந்தே காணாமல் போகும். 2-ஹைட்ராக்சிபிரிடினும் 2-பிரிடோனும் இதற்கு நேர்மாறு. தாளில் இரண்டு படங்கள். கரைசலில் ஹைட்ரஜன் இடம் மாறி மாறி ஒன்று மற்றொன்றாகிக்கொண்டே இருக்கும்.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு? வாக்காளர் பட்டியலில் ஒருவர் இரண்டு வார்டுகளில் பதிவாகியிருந்தால் எண்ணிக்கை பொய்யாகும். இங்கே கேடு அதைவிடப் பெரிது. ஒரே மூலக்கூறு இரு பெயர்களில் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் அமர்ந்துவிட்டால், மாடல் ஏற்கெனவே பார்த்த விடையையே திருப்பிச் சொல்லும். நாம் அதைத் துல்லியம் என்று அறிக்கையில் எழுதுவோம். மாணவர் அறிக்கைகளில் வியக்கவைக்கும் துல்லியத்தைக் கண்டால் நான் முதலில் தேடுவது நகல்களைத்தான்.

நல்ல முன்மாதிரி சென்னையிலேயே இருக்கிறது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுக்குழு உருவாக்கிய இம்பாட் தரவுத்தளம், இந்திய மூலிகைகளின் வேதிப்பொருள்களைத் திரட்டியிருக்கிறது. 2018-இல் வெளியான முதல் பதிப்பில் 1,742 தாவரங்கள், 9,596 சேர்மங்கள். இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்கள், 17,967 சேர்மங்கள். கார்வோனில் கண்டது போன்ற வேறுபாடுகளையும் அது கணக்கில் கொள்கிறது. அச்சு நூல்களில் சிதறிக் கிடந்த தகவலை மனிதர்கள் படித்துச் சரிபார்த்துச் சேர்த்ததால் உருவானது இது.

இரண்டு மாதப் பயிற்சிக்கு 'புற்றுநோய் மருந்து கண்டறிதல்' என்ற தலைப்பு வேண்டாம். ஒரு மூலிகைக் குடும்பத்தின் சேர்மங்களை எடுத்து, அமெரிக்காவின் பப்கெம் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, முரண்படும் இடங்களைக் காரணத்தோடு பதிவுசெய்தால் அதுவே உருப்படியான பணி. எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் எழுதிவைக்காத திருத்தம் யாருக்கும் உதவாது. நிரல் எழுதுவதில் ஆர்வம் இருந்தால், 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் இருக்கிறது. ஓபன் கெமிஸ்ட்ரி அமைப்பு அதில் பல ஆண்டுகள் பங்கேற்றிருக்கிறது.

பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கும் இன்டர்ன்ஷிப்களில் இப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதிப்பெண் போடும் முன், மாணவர் தனித்தனி என்று முடிவுசெய்த ஒரு சோடிப் பதிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். ஏன் தனித்தனி என்று கேளுங்கள்.