குடத்தை இறக்கிவைத்த வீணை

பெங்களூர் மல்லேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் வயலின் வடிவத்திலேயே கட்டப்பட்ட ஓர் அரங்கத்தைப் பார்க்கலாம். 1980ல் திறக்கப்பட்ட சௌடையா நினைவு மண்டபம் அது. மைசூர் வித்வான் டி. சௌடையா, நாலு தந்தி வயலினில் மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்துக்கொண்டவர். புதுமை மோகமல்ல, மைக் இல்லாத கச்சேரிகளில் கடைசி வரிசைக்கும் நாதம் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை.

கிதாருக்கும் இதே கவலை இருந்தது. 1931ல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி தன் பெயரில் வெளியிட்ட பெரிய உடல் கிதாருக்கு ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர்: டிரெட்நாட். சத்தத்துக்காகப் பருத்த வாத்தியம். மைக்கும் பிக்கப்பும் வந்த பிறகு பருமனுக்கான காரணம் பாதி போய்விட்டது. கையால் கிதார் செய்பவர்களிடம் மடியில் அடங்கும் சிறிய உடலைக் கேட்டு வாங்குகிறவர்கள் இன்று நிறையவே இருக்கிறார்கள்.

வீணைக்கு இந்த இளைப்பு தாமதமாக வந்தது. நாலடி நீளம், ஏறக்குறைய எட்டு கிலோ. ஒரு பக்கம் பலாமரத்தைக் குடைந்த குடம், மறு பக்கம் சுரைக்காய், முனையில் யாளி. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் அழகுதான். ஆனால் மூன்றாவது மாடி ஃபிளாட்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றிப் பாருங்கள். உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் எடை பொதுவாக ஏழு கிலோ. சரக்கோடு அனுப்பினால் குடம் விரிசல் விடுமோ என்று இறங்கும்வரை வயிற்றில் நெருப்பு. வீணைக்கும் சேர்த்து ஒரு சீட்டு எடுப்பது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

தீர்வு பெங்களூரிலிருந்தே வந்தது. ஹெச்.ஏ.எல். பொறியாளராக இருந்தவர் ஜி. ராஜ்நாராயண், புல்லாங்குழல் கலைஞரும்கூட. 1979ல் எலெக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனத்தின் பெட்டி, ஆளுயரத் தம்பூராவையும் அதை மீட்ட ஓர் ஆளையும் பல மேடைகளிலிருந்து மெல்ல இறக்கிவிட்டது. பிறகு அதே இடத்திலிருந்து 'சுநாதவினோதினி' என்ற எலெக்ட்ரானிக் வீணை வந்தது. குடம் ஒலிக்க வேண்டிய அவசியமில்லை. காந்த பிக்கப் தந்தியின் அதிர்வை எடுத்துக்கொள்கிறது. பிரடைக்குப் பதில் கிதாரில் உள்ளது போன்ற சாவிகள். மெழுகு இல்லாத, நகர்த்தி வைக்கக்கூடிய மெட்டுகள். சுருதிக்குத் தம்பூராவும் உள்ளேயே.

முதுகுவலிக்காரர்களுக்கும் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் இது வரப்பிரசாதம் என்பதில் சந்தேகமில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லித்தரும் தமிழ்த் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மர வீணையில் மீட்டு பலவீனமாக இருந்தால் நாதமும் பலவீனம். விரல் தானாகத் திருந்திக்கொள்ளும். பிக்கப் வீணையில் ஒரு குமிழைத் திருகினால் போதும், கோளாறு மறைந்துவிடும். ஆரம்பப் பாடத்தையே அதில் தொடங்குகிற மாணவருக்கு இது நல்லதல்ல. மர வீணையில் பழகிய கைக்கு, பயணத்துக்கு ஒரு சின்ன வீணை என்பதுதான் சரியான வரிசை.

செய்கிறவர்கள் சங்கதி இன்னொன்று. பெங்களூர் ஊரக மாவட்டத்தில் தொட்டபள்ளாபூர் தாலுகாவின் சிம்பாடிபுரா, வீணை செய்வதாலேயே பெயர் பெற்ற சிற்றூர். பலாக்கட்டையை அறுத்து, குடைந்து, இழைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். தஞ்சாவூர் வீணைக்காவது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

வீணை விற்றதோடு மர வேலைக்காரருக்கும் வாத்தியத்துக்கும் உறவு முடிவதில்லை. மேளம் கட்ட வேண்டும்: தேன்மெழுகும் கரியும் கலந்த கலவையில் 24 மெட்டுகளையும் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுச் சரிபார்ப்பது. கோடையில் மெழுகு இளகும், மெட்டு நகரும், அபஸ்வரம் தட்டும். சொல்லி அனுப்பினால் மேளக்காரர் வீட்டுக்கே வந்து, அடுப்பில் மெழுகை உருக்கி, பாதி நாள் உட்கார்ந்து வேலை பார்ப்பார். அந்த வீட்டுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, காந்தாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் தட்டித் தட்டிக் கண்டுபிடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மெழுகில்லாத வீணை இருக்கும் வீட்டில் மெட்டை அவளே நகர்த்திக்கொள்கிறாள். அவருக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை.