ஒருவன் செத்தான், ஓய்ந்ததா பயங்கரம்?



பயங்கரவாதத் தலைவன் ஒருவன் கொல்லப்பட்டான் என்று செய்தி வந்துவிட்டால் போதும்; நம் தெருமுனை டீக்கடை முதல் அமெரிக்க வெள்ளை மாளிகை வரை ஒரே கொண்டாட்டம்! செத்தவனுக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை. சந்தையிலும் தொழுகைக் கூடத்திலும் குண்டு வைத்து ஏழை எளியவர்களைக் கொன்றவனுக்கு ஏது கண்ணீர்? ஆனால் அவன் சாவு படம் காட்டுவதற்கு மேல் எதைச் சாதித்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஈராக்கைப் பாருங்கள். 2006 ஜூன் 7 அன்று, அங்கே அல் கொய்தாவை நடத்திய சர்க்காவியை அமெரிக்க விமானம் குண்டு போட்டுக் கொன்றது. செத்த முகத்தைப் பெரிய படமாக்கிச் சட்டம் போட்டு நிருபர்களுக்குக் காட்டினார்கள். (நம் வீடுகளில் தாத்தா படத்துக்குத்தான் சட்டம் போடுவோம்!) அதே ஆண்டு அக்டோபரில் அவன் கூட்டம் ‘ஈராக் இஸ்லாமிய அரசு’ என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டது. 2010 ஏப்ரலில் அதன் தலைவர்கள் இருவரையும் ஒரே தாக்குதலில் தீர்த்தார்கள். அந்த இடத்துக்கு வந்தவன் பாக்தாதி. 2014 ஜூனில் மொசூல் நகரமே அவன் கையில்!

காரணம் என்ன? தலையை வெட்டியவர்களேதான் வேருக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள். 2003 மே மாதம் அமெரிக்க அதிகாரி பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் இராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கான ஆண்கள் சம்பளம் இழந்து, மானம் இழந்து தெருவில் நின்றார்கள். ஆயுதப் பயிற்சி மட்டும் கையில் மிஞ்சியது. அவர்களில் பலரை வைத்துத்தான் பாக்தாதி படை கட்டினான். அவனே 2004இல் அமெரிக்கர்களின் புக்கா சிறை முகாமில் இருந்து வெளியே வந்தவன்தான்.

தலைவன் போனால் எங்குமே ஒன்றும் மாறாது என்று நாம் வாதாடவில்லை. பெரு நாட்டில் ‘ஒளிரும் பாதை’ இயக்கம் குஸ்மான் என்ற ஒருவனையே கடவுளாக வைத்திருந்தது. 1992 செப்டம்பரில் அவனைப் பிடித்தார்கள். கொல்லவில்லை, உயிரோடு கூண்டில் நிறுத்தி ஊருக்குக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே சமாதானம் பேசலாம் என்று சிறையிலிருந்து சொன்னான். அதன் பிறகு காட்டில் இருப்பவன் யாருக்காகச் சுடுவான்? கொன்றிருந்தால் தியாகி ஆக்கியிருப்பார்கள்.

பாக்தாதி 2019 அக்டோபரில் செத்தான். அவன் ஆண்ட நிலத்தின் கடைசித் துண்டு அதே ஆண்டு மார்ச்சிலேயே பறிபோய்விட்டது. பெயர் தெரியாத குர்து, அரபுச் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த மண் அது. அவன் செத்த சில நாளிலேயே அடுத்த தலைவன் பெயர் வந்துவிட்டது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? மொசூல் விழுந்தபோது அங்கே கட்டட வேலைக்குப் போயிருந்த 40 இந்தியர்கள் சிக்கினார்கள், பெரும்பாலோர் பஞ்சாபிகள். தப்பி வந்த ஒருவன், மற்ற எல்லோரையும் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னான். அரசு நம்பவில்லை. 39 பேரும் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் அறிவிக்க 2018 மார்ச் ஆயிற்று. மறு மாதம் 38 சவப்பெட்டிகளோடு விமானம் அமிர்தசரசில் இறங்கியது.

சர்க்காவி செத்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகப் போயின.