பார்க்காமலே கணக்குப் போடலாம்

போன வாரம் ஓசூரில் பழைய மாணவர் சந்திப்பு. எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் எழுதும் என் மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், டேட்டாவைத் திறந்து பார்க்காம கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடும்? சேவை வேணும்னா விவரம் கொடுத்துத்தான் ஆகணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். சாப்பாட்டு நேரம், விட்டுவிட்டேன். இங்கே விடமாட்டேன்.

தப்பு, தம்பி. 35-ஐயும் 42-ஐயும் நீ கூட்டித் தர வேண்டும், ஆனால் எண்கள் உனக்குத் தெரியக் கூடாது. ஒன்றில் ரகசியமாக 1000 சேர்க்கிறேன், மற்றதில் 2000. உன்னிடம் வருவது 1035, 2042. நீ 3077 என்கிறாய். நான் 3000-ஐக் கழித்தால் 77. கூட்டியது நீ, விடை தெரிந்தது எனக்கு மட்டும்.

இது விளையாட்டுக் கணக்கு. உண்மையான பூட்டு எளிதில் உடையாது. பூட்டிய தகவல் மேலேயே கணக்குப் போட முடியுமா என்று ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்ட்டூசோஸ் மூவரும் 1978-லேயே கேட்டார்கள். கூட்டல், பெருக்கல் எத்தனை முறை வேண்டுமானாலும் முடியும் என்று 2009-ல் கிரெய்க் ஜென்ட்ரி ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் காட்டினார். ஹோமோமார்பிக் என்கிரிப்ஷன் என்று பெயர்.

ஏட்டுச் சுரைக்காய் என்பாய். 2024-ல் வந்த ஐஓஎஸ் 18-ல், அழைப்பது யார் என்று சர்வரிடம் இந்த முறையில் கேட்க ஆப்பிள் வழி செய்தது. எந்த எண் என்று தெரியாமலே சர்வர் பதில் தரும். ஐபோனின் உறைப் பாகங்கள் நம் ஓசூர்ப் பக்கத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகின்றன! (அதே ஆப்பிள், படத்தில் உள்ள இடத்தை அடையாளம் காணும் வசதியை நம்மைக் கேட்காமலே இயக்கிவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. பூட்டினாலும் கேட்கத்தான் வேண்டும்.)

எனக்கு ஏன் இந்தக் கோபம்? ஒரு இடத்தில் ரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் போனில், "சுகர் எவ்வளவு இருக்கு ஐயா, பவுடர் அனுப்பட்டுமா?" என்கிறார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நல்ல திட்டம். மாத்திரை கொடுக்க வருபவருக்கு நோயாளியின் பெயர் தெரிய வேண்டும், சரி. வட்டாரத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று கூட்டுபவருக்குப் பெயர் எதற்கு? பூட்டியபடியே கூட்டலாமே. கம்பெனிகளின் வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, காப்பீடு எதற்கும் இதே கேள்விதான்.

2023-ன் தனிநபர் தரவுச் சட்டம், தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. பத்திரமாக வை என்கிறது, கணக்குப் போடும்போதும் திறக்காதே என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையில்தான் நீங்கள் எல்லாரும் வசதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"ரொம்ப மெதுவா இருக்குமே மாமா" என்கிறார் என் மருமகன். உண்மைதான், சாதாரணக் கணக்கைவிடப் பல மடங்கு மெதுவு. எல்லாவற்றுக்கும் இன்றைக்கே ஒத்துவராது. ஆனால் மாதம் ஒருமுறை போடும் கூட்டலுக்கு என்ன அவசரம்? அத்திப்பள்ளி நெரிசலில் தினமும் பொறுமையாக நிற்பவர்கள்தானே நாம்.

தம்பி, நீ எழுதும் செயலியில் வெறும் கூட்டல் போதும் என்கிற இடங்கள் எத்தனை? எண்ணி எனக்கு எழுது. ஸ்டெப் போடாமல் விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, அது உனக்கே தெரியும்.